சுருதி மட்டும்தான் கொடுத்தேன்

தம்பி, அந்தப் பையை மட்டும் மிதித்துவிடாதீர்கள். அதற்குள் அல்லேலூயா இருக்கிறது.

பரவாயில்லை, பரவாயில்லை, காலைக் கீழேயே வையுங்கள். பாம்பு ஒன்றும் இல்லை. பலகைதான். தெர்மாகோலில் எழுத்து வெட்டி, தங்கக் காகிதம் ஒட்டி, பிளைவுட்டில் பதித்தது. எல்லா எழுத்தும் நானே வெட்டியது. 'லூ' மட்டும் கொஞ்சம் சரிந்திருக்கும். அதை ஒட்டியது சந்தியாகு. அவனால்தான் இன்றைக்கு நான் இந்த வெயிலில் பஸ் ஏறிப் பாளையங்கோட்டைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். செத்த பிறகும் மனுஷன் அலைய விடுகிறான்.

என் பெயர் இஞ்ஞாசி. மரியான்குளம் ஆர்.சி. நடுநிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் பேச்சும் புத்தகம் மாதிரித்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் கோயிலில் பாடகர் குழுவுக்கு நான்தான் மாஸ்டர். சந்தியாகு அந்தக் குழுவில் பாடுகிறவன். என் தங்கை ஞானப்பூவின் வீட்டுக்காரன். பைபாஸில் பஞ்சர் கடை வைத்திருந்தான்.

உங்கள் நெற்றியில் திருநீறு இருக்கிறது, அதனால் உங்களுக்கு விளங்குகிற மாதிரி சொல்கிறேன். எங்களுக்கும் வருஷத்தில் ஒரு நாள் நெற்றியில் சாம்பல் பூசுவார்கள். அன்றைக்குத் தவக்காலம் ஆரம்பிக்கும். ஈஸ்டர் வரைக்கும் நாற்பது நாள். கறி மீன் விடுகிறவர்கள் விடுவார்கள், சினிமா விடுகிறவர்கள் விடுவார்கள். ஆனால் கோயிலே விட்டுவிடுகிற ஒன்று உண்டு. அதுதான் அல்லேலூயா. இறைவனைப் புகழுங்கள் என்று அர்த்தம். மகிழ்ச்சியின் சொல். சாதாரண நாளில் நற்செய்தி வாசிக்கும் முன்னால் எல்லோரும் எழுந்து நின்று அதைப் பாடுவோம். தவக்காலத்தில் பாடக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை பாடக்கூடாது, கல்யாணத்தில் பாடக்கூடாது, அடக்கத்தில் பாடக்கூடாது. இது நான் போட்ட சட்டம் இல்லை. நான் அதைக் காப்பாற்றுகிறவன், அவ்வளவுதான்.

எப்படிக் காப்பாற்றினேன் என்று கேளுங்கள். முற்காலத்தில் வெளிநாட்டுக் கோயில்களில் அல்லேலூயாவை ஏட்டில் எழுதிப் புதைப்பார்களாம். ஒரு பழைய பத்திரிகையில் படித்தேன். நல்ல வழக்கமாக இருக்கிறதே என்று நான் இந்தப் பலகையைச் செய்தேன். மண்ணில் புதைத்தால் எங்கள் ஊரில் கறையான் தின்றுவிடும். அதனால் சாம்பல் புதனுக்கு முந்தின நாள், குழுவில் உள்ள எல்லோரும் பார்க்க, கோயில் பின்னறையில் இருக்கிற பீரோவில் வைத்துப் பூட்டுவேன். சாவி என்னிடம். இதோ, பார்த்துக்கொள்ளுங்கள். ஈஸ்டர் பூசைக்கு முன்னால்தான் திறப்பேன்.

முதல் வருஷம் பூட்டிவிட்டுத் திரும்புகிறேன், சந்தியாகு பீரோக் கதவில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறான். "மச்சான், உள்ள அதுக்கு மூச்சு முட்டாதா? ஒரு ஓட்டையாவது போடுங்க" என்கிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் அதே கேள்வி, அதே சிரிப்பு. ஒரே நகைச்சுவையை வருஷாவருஷம் சொல்கிறவனை என்ன செய்வது?

அவனுடைய குறை அதுமட்டும் இல்லை. தவக்காலத்தில் அல்லேலூயாவுக்குப் பதிலாக வேறொரு சின்ன வசனம் பாடுவோம். குழுவே அந்த வசனத்துக்கு வாயைத் திறக்கும்போது இவன் மட்டும் "அல்" என்பான். முதல் ஞாயிறு தவறாமல் நடக்கும். "அல்" என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து, மீதியை விழுங்கிவிடுவான். தொண்டையில் மீன் முள் சிக்கியவன் மாதிரி நிற்பான். முதல் பெஞ்சில் இருக்கிற பிள்ளைகளெல்லாம் அதைப் பார்க்கவே கழுத்தை வளைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

கேட்டால், "நான் எங்க மச்சான் பாடுதேன், அதுவா வருது" என்பான். ஒரு வார்த்தை அதுவாக வருமா, தம்பி? நாம்தானே வரவிட வேண்டும்?

அதனால் ஒரு விதி போட்டேன். தவக்காலத்தில் யார் வாயில் அல்லேலூயா வந்தாலும், ஈஸ்டர் வரைக்கும் அவர் குழுவில் நிற்கக்கூடாது. கடைசி பெஞ்சில் உட்கார வேண்டும். யாராக இருந்தாலும். 'யாராக இருந்தாலும்' என்பதைக் கரும்பலகையில் எழுதி அடிக்கோடு போட்டுக் காட்டினேன். பிற்பாடு பாருங்கள், அந்தக் கோடுதான் என் கழுத்தைச் சுற்றியது.

வருஷாவருஷம் கடைசி பெஞ்சுக்குப் போனது சந்தியாகு ஒருவன்தான். சந்தோஷமாகப் போவான். அங்கே கைக்குழந்தைக்காரிகளும், பாதிப் பூசையில் பீடி குடிக்க எழுந்து போகிறவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கெல்லாம் பாட்டுச் சொல்லிக் கொடுத்துவிட்டான். கடைசியில் முன்னாலிருக்கிற என் குழுவை விடப் பின்னாலிருந்து சத்தம் கூடுதலாக வந்தது. இதை நான் யாரிடம் சொல்லி அழ?

சரி, அப்படியே ஈஸ்டர் வரைக்கும் அங்கேயே கிடக்கட்டும் என்றால், அதுவும் முடியாது. ஈஸ்டர் பூசையில் அல்லேலூயாவை முதன்முதலாக ஒருவர் தனியாக எடுக்க வேண்டும். ஒரு தடவை பாடுவார், கோயில் முழுக்கத் திருப்பிப் பாடும். இரண்டாவது தடவை சுருதியை ஒரு படி ஏற்றிப் பாடுவார், கோயிலும் ஏறும். மூன்றாவது இன்னும் ஒரு படி. மூன்றோடு நிறுத்த வேண்டும். இரண்டோடு நிறுத்தக்கூடாது. நாற்பது நாள் அடக்கி வைத்த சொல் இல்லையா, கேட்டால் உடம்பெல்லாம் என்னவோ செய்யும். அதை எடுக்கிற பாக்கியம் ஊரில் ஒருவருக்குத்தான். நான் மாஸ்டராக வந்த நாளிலிருந்து அது சந்தியாகுவுக்குத்தான். எந்தச் சாமியார் மாறி வந்தாலும், "அந்தப் பஞ்சர்க் கடைக்காரரைக் கூப்பிடுங்க" என்பார்கள்.

நான் ஒரு நாளும் ஆசைப்பட்டதில்லை. ஒரு நாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. ஒருவேளை அவனுக்கு ஜலதோஷம் பிடித்துவிட்டால் என்ன செய்வது என்று, ஈஸ்டருக்கு முந்தின புனித வாரம் முழுக்கப் பனங்கற்கண்டு போட்டுப் பால் குடிப்பேன். குளத்தங்கரையில் போய்க் கொஞ்சம் பாடிப் பார்ப்பேன். பொறுப்பில் இருக்கிறவன் தயாராக இருக்க வேண்டாமா? அவனுக்கு ஒரு வருஷமும் ஜலதோஷம் பிடிக்கவில்லை.

அந்த மனுஷனுக்கு இந்த வருஷம் நெஞ்சு வலி. கடையில் லாரி டயரைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே வந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். மூக்கில் குழாய். அப்போதும் என்னைப் பார்த்ததும் சிரிப்பு.

"மச்சான், ஈஸ்டர் வரைக்கும் இழுத்துப் பிடிச்சிருதேன். நடுவுல போனா உங்க பாடு கஷ்டம்லா?"

"பேசாதீங்க மாப்பிள்ளை, ஓய்வெடுங்க" என்றேன்.

"பீரோவைத் திறந்து பார்த்தீங்களா? உசிரோட இருக்கா அது?"

போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் காலை போய்விட்டான். தவக்காலத்தின் நட்டநடுவில். வேண்டுமென்றே செய்தான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வேண்டுமென்று செய்கிறவன் எந்த நாளைத் தேர்ந்தெடுப்பானோ, அதே நாள்.

வீட்டில் கூட்டம். பந்தல் போட்டாயிற்று. ஞானப்பூ என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டாள். அழுது முகம் வீங்கியிருந்தது. "அண்ணே, அவருக்கு ஒரு அல்லேலூயா பாடி அனுப்புங்கண்ணே. வேற எதுவும் நான் கேட்கலை."

நான் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். கத்தவில்லை. தவக்காலம் என்றால் என்ன, அடக்கத் திருப்பலிக்கு விதி என்ன, விவிலியத்தில் அதற்கு எங்கே ஆதாரம், எல்லாம் சொன்னேன். வகுப்பில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி படிப்படியாகச் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். கடைசியில், "செத்தவருக்கு ஏதுண்ணே தவக்காலம்?" என்றாள்.

நல்ல கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க நேரம் இல்லை. ஐஸ் பெட்டிக்காரன் வந்துவிட்டான்.

பூசை விதிப்படி நடந்தது. அல்லேலூயா இல்லை. கீபோர்டு அடக்கி வாசித்தார்கள். ஒரு பிசகு இல்லை. ஃபாதர் ஜெரால்டு, எங்கள் பங்குச் சாமியார், சின்ன வயசுக்காரர், அவர்கூட முடிந்ததும் என் கையைப் பிடித்து, "கச்சிதம் மாஸ்டர்" என்றார். அதோடு முடிந்திருக்க வேண்டியது.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கியாயிற்று. ஃபாதர் தீர்த்தம் தெளித்துச் செபத்தை முடித்துவிட்டார். ஆளாளுக்கு ஒரு கைப்பிடி மண் போடுகிறார்கள். ஞானப்பூவின் முறை வந்தது. மண்ணைக் கையில் எடுத்தவள் போடாமல் அப்படியே நிற்கிறாள். திடீரென்று வாயைத் திறந்து அல்லேலூயா என்று ஆரம்பித்துவிட்டாள்.

தம்பி, என் தங்கை பாட்டுக்காரி இல்லை. அவள் ஆரம்பித்த இடம் எவ்வளவு உயரம் தெரியுமா? அங்கே ஆரம்பித்தால் இரண்டாவதுக்கு எங்கே போவாள், மூன்றாவதுக்கு எங்கே போவாள்? பாதியிலேயே குரல் கம்முகிறது. ஊர் முழுக்க நிற்கிறது. சந்தியாகுவின் அண்ணன் தம்பிகள் நிற்கிறார்கள். எங்கள் வீட்டுப் பெண், புருஷன் குழி முன்னால் தொண்டை உடைந்து நிற்கலாமா? ஒரு மாஸ்டர் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? சுருதி தப்பினால் எடுத்துக் கொடுப்பது என் வேலை. எடுத்துக் கொடுத்தேன். கொஞ்சம் கீழே இறக்கி, சரியான இடத்தில், ஒரு தடவை. பாடவில்லை. சுருதி மட்டும்தான் கொடுத்தேன்.

அவள் நிறுத்திவிட்டாள். அது என் குற்றமா?

அவள் நிறுத்தினாலும் ஜனங்கள் நிறுத்தவில்லை. அந்தக் கடைசி பெஞ்சுக் கூட்டம் இருக்கிறதே, அவன் பழக்கி வைத்த கூட்டம், அது முழுசாகத் திருப்பிப் பாடிவிட்டது. சரி, முதல் தடவைக்குப் பதில் வந்துவிட்டால் இரண்டாவது கொடுக்க வேண்டும். கொடுத்தேன். இரண்டோடு நிறுத்தக்கூடாது என்று உங்களிடம் சொன்னேன் அல்லவா? அதுவும் விதிதான். அதனால் மூன்றாவது. மூன்றும் முடிந்து கண்ணைத் திறந்து பார்க்கிறேன், குழி வெட்டுகிற செல்லையா மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைகட்டி நிற்கிறான்.

கண்ணை ஏன் மூடினீர்கள் என்கிறீர்களா? சுருதி பார்க்கும்போது கண்ணை மூடுவது வழக்கம். பெரிய வித்வான்களே மூடுகிறார்கள்.

அன்றைக்கு மாலையே ஊரெல்லாம் பேச்சு. மாஸ்டர் தவக்காலத்தில் அல்லேலூயா பாடிவிட்டார், மாஸ்டர் மச்சினனுக்காக அல்லேலூயா பாடிவிட்டார். டீக்கடையில் ஒருவன் கையைப் பிடித்து, "சார், இத்தனை வருஷம் எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க இந்தக் குரலை?" என்கிறான். புகழ்கிறானா, கேலி செய்கிறானா? ஞானப்பூ வீட்டுக்குப் போனேன். "நல்லாப் பாடினீங்கண்ணே" என்றாள். "பாடலைம்மா, சுருதி கொடுத்தேன்" என்றேன். "சரிண்ணே, நல்லா சுருதி கொடுத்தீங்க" என்று சிரித்தாள். அடக்கம் முடிந்து அவள் சிரித்தது அப்போதுதான். எதற்குச் சிரித்தாள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

சனிக்கிழமை பயிற்சிக்குப் போகிறேன். குழுவில் ஷைனி என்று ஒருத்தி, காலேஜ் படிக்கிறாள், வாய் அதிகம். "சார், கடைசி பெஞ்சைத் துடைச்சு வச்சிருக்கோம்" என்கிறாள். மற்றவர்கள் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொள்கிறார்கள். நான் சட்டத்தை விளக்கினேன். விதி பாடுகிறவர்களுக்குத்தான், சுருதி கொடுக்கிறவர்களுக்கு இல்லை என்றேன். "அப்ப சந்தியாகு மாமா வருஷாவருஷம் 'அல்'லுன்னுதான சார் சொன்னாங்க? முழுசாக்கூட பாடலையே? அவங்க ஏன் பின்னால போனாங்க?" என்கிறாள். வாதம் செய்ய வரவில்லை, பயிற்சிக்குத்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டேன்.

அதற்கு மேல்தான் பெரிய இடி. மறுநாள் ஞாயிறு பூசை முடிந்து ஃபாதர் ஜெரால்டு கூப்பிட்டார்.

"மாஸ்டர், ஈஸ்டர் அல்லேலூயா இந்த வருஷம் நீங்கதான். கல்லறையில பாடினீங்களே, அப்படியே பாடிருங்க. மூணாவது தடவை எனக்கே புல்லரிச்சுட்டு."

நான் அவர் முகத்தைப் பார்க்கிறேன். ஒரு நாளும் ஆசைப்படாத ஒன்றைக் கையில் கொடுக்கிறார். ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டுமே.

"ஃபாதர், நான் கல்லறையில் பாடவில்லை."

"பின்ன?"

"சுருதி கொடுத்தேன்."

அவர் தாடியைத் தடவிக்கொண்டார். "சரி மாஸ்டர். நீங்க பாடலைன்னா, அன்னைக்குப் பாடினவர் யாருன்னு கண்டுபிடிச்சு அவர்கிட்ட கேட்டுக்கிடுதேன். ஏன்னா எனக்கு அந்தக் குரல்தான் வேணும். பாடினது நீங்கதான்னா குருத்து ஞாயிறுக்குள்ள வந்து சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு பைக்கில் ஏறிப் போய்விட்டார். படித்த மனுஷர் பேசுகிற பேச்சா இது? குருத்து ஞாயிறு என்றால் ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு, அதிக நாள் இல்லை.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். பாடினேன் என்று சொன்னால் ஈஸ்டர் அல்லேலூயா எனக்கு. ஆனால் நான் போட்ட விதியை நானே மீறியவன் ஆகிறேன். ஈஸ்டர் வரைக்கும் கடைசி பெஞ்சு. அதுவும் யாருக்காக? விதி என்று ஒன்று இருப்பதே தெரியாத அந்தச் சந்தியாகுவுக்காக. பாடவில்லை என்று சொன்னால் மானம் தப்பும், அல்லேலூயா போய்விடும். கீபோர்டு வாசிக்கிற பையனைப் பாட வைத்துவிடுவார். அவன் அதை சினிமாப் பாட்டு மாதிரி வளைப்பான்.

அதனால்தான் ஆயர் இல்லத்துக்கு, எங்கள் பிஷப் இருக்கிற இடத்துக்குப் போகிறேன். அங்கே வழிபாட்டுக் காரியங்களைப் பார்க்கிற பெரிய ஃபாதர் ஒருவர் இருக்கிறார். சுருதி கொடுப்பது பாடுவதில் சேராது என்று அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். இரண்டும் கிடைக்கும். இந்தப் பலகை எதற்கு என்கிறீர்களா? சாட்சிக்கு, அதற்காக மட்டும்தான் இன்றைக்குக் காலையில் பீரோவைத் திறந்தேன். அடக்கத்தன்று அல்லேலூயா பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தது. சாவி என் இடுப்பில். பூட்டிக் கிடந்ததை நான் எப்படிப் பாட முடியும்?

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? ஓ, வெளியே எதையோ பார்த்தா? சரி, சரி.

என்ன? பாடுவதற்கும் சுருதி கொடுப்பதற்கும் வித்தியாசம் தெரியவில்லையா? நியாயம்தான், பழக்கம் இல்லாதவர்களுக்குத் தெரியாது. மெதுவாகக் காட்டுகிறேன். இது பாடுவது இல்லை, விளக்குவது. உங்களுக்குத் தவக்காலம் கிடையாது, அதனால் பரவாயில்லை. கேளுங்கள்.

அல்... லே... லூ... யா...

யாரது? பின் சீட்டில் யார் பதில் பாடியது?

அம்மா, நீங்களா? பூக்கூடையோடு இருக்கிறீர்களே, நீங்கள்தானா? இது தவக்காலம் அம்மா, தெரியாதா? "வாயில தானா வந்துட்டு சார், கேட்டா சும்மா இருக்க முடியலை" என்கிறார். பார்த்தீர்களா, தம்பி? சந்தியாகு சொன்ன அதே பேச்சு. தானாக வந்துவிட்டதாம்.

இப்போது என்ன செய்வது? பதில் வந்துவிட்டது. ஒன்றோடு விட முடியாது. விதி இருக்கிறதே. கொஞ்சம் பொறுங்கள்.

...

ஆயிற்று. மூன்றும் ஆயிற்று.

ஏன் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள்? கண்டக்டர், நீங்கள் ஏன் விசிலைக் கையில் வைத்துக்கொண்டே நிற்கிறீர்கள்? ஆயர் இல்லம் ஸ்டாப் வந்துவிட்டதா? போய்விட்டதா? ஒரு குரல் கொடுத்திருக்கக் கூடாதா? நான் கண்ணை மூடியிருந்தேன், சுருதிக்காக.

என்னம்மா? மரியான்குளம் கோயில். ஆமாம், பைபாஸிலிருந்து உள்ளே போக வேண்டும். ஈஸ்டருக்கா? வாருங்கள், தாராளமாக வாருங்கள். வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். முன்னாலேயே வந்தால் இடம் கிடைக்கும்.

அப்படிப் பார்க்காதீர்கள், தம்பி. நான் பாடுகிறேன் என்று அந்த அம்மாவிடம் சொன்னேனா? வாருங்கள் என்றுதான் சொன்னேன். இரண்டும் வேறு.

பஸ் ஸ்டாண்டிலேயே இறங்கிக்கொள்கிறேன். மரியான்குளம் பஸ் அங்கே எந்நேரமும் நிற்கும். ஆயர் இல்லத்துக்கு இன்னொரு நாள் போய்க்கொள்ளலாம், பெரிய ஃபாதரும் இந்த வெயிலில் தூங்கிக்கொண்டிருப்பார். இன்றைக்குச் சாயங்காலம் ஜெரால்டு ஃபாதரைப் பார்க்க வேண்டியிருக்கிறது. வேறு ஒரு விஷயமாக. அப்படியே அந்தக் கடைசி பெஞ்சையும் போய்ப் பார்க்க வேண்டும். அந்தப் பிள்ளைகள் எங்கே ஒழுங்காகத் துடைத்திருக்கப் போகிறார்கள்?

அந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்கள், தம்பி. பார்த்து. வேண்டாம், வேண்டாம், ஜிப்பை முழுக்க இழுக்காதீர்கள். அந்த ஓரம் கொஞ்சம் திறந்தே இருக்கட்டும்.

மூச்சுக்காக இல்லை. ஜிப் பழசு.